முனிலட்சுமி தள்ளிய வண்டி

முனிலட்சுமி தன் வருங்காலக் கணவனை முதன்முதலில் பார்த்தது பின்னாலிருந்து. ஒரு பழைய டீசல் அம்பாசடரின் பின்கண்ணாடி வழியே பச்சை மஃப்ளர் சுற்றிய ஒரு தலையும், அதிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருந்த இரண்டு காதுகளும் தெரிந்தன. அவ்வளவுதான். அவள் அப்போது அந்தக் காரின் டிக்கியில் இரண்டு உள்ளங்கைகளையும் ஊன்றி, தலைப்பை இடுப்பில் சொருகிக்கொண்டு, மூச்சைப் பிடித்துத் தள்ளிக்கொண்டிருந்தாள்.

"தள்ளுமே! சும்மா கைய வெச்சுக்கிட்டு நிக்கறியா?" என்று பக்கத்தில் தள்ளிக்கொண்டிருந்த ராஜாத்தி கத்தினாள். முனிலட்சுமியோடு ஒரே அறையில் தங்கி, ஒரே கம்பெனியில் வேலை பார்த்தவள் அவள்.

"நீ தள்ளு மொதல்ல. ஒன் வளையல் சத்தம்தான் கேக்குது, வண்டி நகர்றதக் காணோம்."

கார் உறுமியது, இருமியது, சுண்ணாம்புக் காளவாய் போல வெள்ளைப் புகையை இருவர் முகத்திலும் ஊதிவிட்டுக் கிளம்பியது. அன்று இருவரும் வேலைக்குப் போகும்போது முகத்தில் டீசல் வாடை.

இதை எனக்குச் சொன்னவள் ராஜாத்தி. அவள் எதையும் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வாள். அதனால் முனிலட்சுமியிடமும் கேட்டுச் சரிபார்த்துக்கொண்டேன். காதுகள் விஷயத்தில் இருவரும் ஒன்றுபோலவே சொல்கிறார்கள்.

ஓசூர்க் குளிர் என்றால் வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். பனி கொட்டும் தேசங்களைப் பார்த்தவர்கள் இன்னும் அதிகமாகச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். எண்பதுகளின் கடைசியில், ஐப்பசி பிறந்துவிட்டால், சிப்காட் பக்கம் விடிகாலையில் எதிரே வருபவர் யாரென்று குரலை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். கிருஷ்ணகிரியில் விசிறிக்குக் கீழே தூங்கி எழுந்து பஸ் ஏறியவன், சூளகிரி மேட்டைத் தாண்டியதும் ஜன்னலைச் சாத்தச் சொல்லிச் சண்டை போடுவான். பஸ்ஸில் கொஞ்ச நேரப் பயணம்தான். ஆனால் கீழே ஒரு காலம், மேலே வேறொரு காலம். அந்தப் பச்சை மஃப்ளர்க்காரன் தீர்த்தகிரியின் கார் கீழேயிருந்து மேலே வந்த கார்.

தீர்த்தகிரிக்குச் சொந்த ஊர் சிங்காரப்பேட்டை. வாய் ஓயாதவன். கம்பெனிகள் பெருகிய ஓசூரில் டாக்ஸி ஓட்டினால் பிழைப்பு நன்றாக இருக்கும் என்று காரோடு வந்து சேர்ந்தான். வந்த வருஷமே குளிர் காலத்தில் கார் காலையில் கிளம்பாது என்று தெரிந்துகொண்டான். அதற்கு அவன் செய்த ஏற்பாடு வேறு யாருக்கும் தோன்றாது. மலைக்கோயில் அடிவாரத்தில் நல்ல சரிவான தெருவாகப் பார்த்து வாடகைக்குக் குடிபோனான். வீட்டுக்கு ஜன்னல் இருக்கிறதா, தண்ணீர் வருகிறதா என்றெல்லாம் கேட்கவில்லை. தெருவின் சாய்மானத்தை மட்டும் ஒரு கோலிக்குண்டை உருட்டிப் பார்த்துக்கொண்டான். காலையில் பிரேக்கை எடுத்தால் கார் தானாக உருளும், பாதித் தெருவில் இன்ஜின் பிடித்துக்கொள்ளும். வண்டிக்கு ஒரு குறையும் இல்லை என்று ஸ்டாண்டில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தான்.

பிறகு அந்தத் தெருவின் அடியில் குழாய் பதிக்கக் குறுக்கே பள்ளம் வெட்டினார்கள். கார் பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்துச் சமதரைக்கு வந்தது. அங்கேதான் முனிலட்சுமியும் மற்றப் பெண்களும் முதல் ஷிப்டுக்குப் பஸ்ஸுக்காக நிற்பார்கள். பஸ் அடிக்கடி வராது. வந்தாலும் தொங்கத்தான் இடம் இருக்கும். தள்ளிவிட்டால் கம்பெனி கேட் வரை கொண்டுபோய் விடுவதாகத் தீர்த்தகிரி சொன்னான். அவனுக்கும் அந்தப் பக்கம்தான் காலை சவாரி. அப்படித்தான் ஓசூரில் ஒரு தள்ளு கோஷ்டி உண்டானது.

முனிலட்சுமியின் ஊர் தேன்கனிக்கோட்டைக்கு அந்தாண்ட, காட்டை ஒட்டி. அப்பா வெங்கடசாமி அடுத்தவர் நிலத்திலேயே முதுகு வளைந்தவர். பிறகு கொஞ்சம் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து ராகி போட்டார். ராகி கதிர் பிடித்தால் யானைக்கு மூக்கு வேர்க்கும். அந்த மாதங்களில் அவர் மரத்தின் மேல் பரணில்தான் இருப்பார், தகரத்தைத் தட்டிக்கொண்டும் யானையைக் கன்னடத்தில் திட்டிக்கொண்டும். அவர் தமிழில் பேச ஆரம்பித்தால் நடுவில் கன்னடம் வந்து உட்காரும், கோபம் வந்தால் தெலுங்கும் சேர்ந்துகொள்ளும். அந்த வீட்டிலிருந்து பத்தாவது முடித்து, கம்பெனி வேலைக்கு ஓசூர் வந்த முதல் ஆள் முனிலட்சுமி.

அவள் வேலை தொட்டிக்கு முன்னால். பம்புக்கான சின்னச் சின்ன வார்ப்புகள் வரும். ஒவ்வொன்றையும் தண்ணீருக்குள் முக்கி, உள்ளே காற்றை ஏற்றி, எங்கிருந்தாவது குமிழி கிளம்புகிறதா என்று பார்க்க வேண்டும். மேசையின் ஓரத்தில் எப்போதும் நல்ல பீஸ் ஒன்று இருக்கும். சந்தேகம் வந்தால் கையில் இருப்பதை அதன் பக்கத்தில் வைத்து ஒப்பிட வேண்டும். கெட்டதை மட்டும் எத்தனை நேரம் பார்த்தாலும் கெட்டது தெரியாது என்பது அந்தப் பகுதியில் எல்லோருக்கும் பழகிய பாடம். ராஜாத்தி அவளைக் குமிழி என்றே கூப்பிடுவாள்.

காரில் நாலைந்து பேர் நெருக்கிக்கொண்டு உட்காருவார்கள். தீர்த்தகிரி கண்ணாடியில் பார்த்தபடியே பேச்சை ஆரம்பிப்பான்.

"நீ கைய வெச்சா மட்டும் ஒடனே வந்துடுதும்மா, முனிலட்சுமி."

"நான் மட்டும்தான் தள்றேன். இவங்கல்லாம் சாமி தொடற மாதிரி தொட்டுட்டு ஏறிக்கறாங்க."

"பாத்தீங்களா டிரைவரண்ணா, இவ திமிர!" என்பாள் ராஜாத்தி. "நாளைக்கி இவளையே ஒத்தையா தள்ளச் சொல்லுங்க."

"ஒத்தையா வேணாம். நானும் எறங்கித் தள்றேன்."

"அப்ப வண்டிய யாரு ஓட்டறது?"

முனிலட்சுமி ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்தாள். மார்கழி பிறக்கும் முன்பே இரண்டு பேர் மனசும் ஒருவருக்கொருவர் தெரிந்துவிட்டது. விசாரித்ததில் ஒரே சனம், தூரத்து உறவு கூட. சிங்காரப்பேட்டையிலிருந்து பெரியவர்கள் பெண் கேட்டு ஆள் அனுப்பினார்கள். வெங்கடசாமி மறுக்கவில்லை. "பையன ஒருதரம் நான் பாக்கணும்" என்றார். என்றைக்கு வருவேன் என்று மட்டும் சொல்லவில்லை.

ஒரு நாள் தேன்கனிக்கோட்டையிலிருந்து வரும் முதல் பஸ்ஸில் வந்து இறங்கினார். பனியில் எதிரே ஒரு கார் தெரிந்தது. அதன் பின்னால் நாலைந்து பெண்கள் குனிந்து தள்ளிக்கொண்டிருந்தார்கள். அவர் போட்டிருந்த கம்பளியை இன்னும் இறுக்கிக்கொண்டு, "பாவம், யாரு பெத்த புள்ளைங்களோ" என்று பக்கத்தில் நின்றவரிடம் சொன்னாராம். அப்போது அந்தப் புள்ளைகளில் ஒன்று மூச்சு வாங்க நிமிர்ந்தது. அவர் பெற்றது.

நஞ்சம்மாவின் டீக்கடை பஸ் நிறுத்தத்திலேயே இருந்தது. வெங்கடசாமி அங்கே பெஞ்சில் உட்கார்ந்தார். தீர்த்தகிரி மஃப்ளரைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு எதிரே நின்றான்.

"ஏனப்பா, இதுதான் ஒன் வண்டியா?"

"ஆமாங்க. நல்ல வண்டிங்க. காலையில மட்டும் கொஞ்சம்..."

"காலையில மட்டும். சரி. கல்யாணம் ஆயி எம்பொண்ண எங்க ஊருக்குக் கூட்டியார. திரும்பிப் போறப்ப விடிகாலம். காட்டு ரோட்டுல வண்டி நின்னுபோச்சு. எதுத்தாப்பல யானை. என்னா பண்ணுவ? எறங்கி, 'ஐயா, கொஞ்சம் தள்ளிக் குடுங்க'ன்னு அதையே கேப்பியா?"

நஞ்சம்மா வாயைப் பொத்திக்கொண்டு அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். ராஜாத்தி சிரித்தே விட்டாள். ஆனால் வெங்கடசாமி சிரிக்கவில்லை. பரணில் எத்தனையோ காலம் உட்கார்ந்தவர் அவர். யானைக்கும் மனிதனுக்கும் நடுவில் ஓடக்கூடிய ஒரு வண்டி இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று பார்த்தவர்.

"தை பொறந்ததும் ஒப்புத்தாம்பூலத்துக்கு வாங்க" என்றார். "மொத நாள் பொழுதோட வந்துடணும். வண்டி எங்க களத்துல பனியில நிக்கணும். விடிஞ்சதும் நீ ஒக்காந்து, அதுவா கெளம்பணும். வண்டி மேல ஒரே ஒரு கை பட்டுச்சுன்னாலும் தாம்பூலத் தட்டு வெளிய வராது. பொண்ணு வேற எடத்துக்குப் போயிரும். அவ்ளதான்."

அடுத்த பஸ்ஸில் திரும்பிப் போய்விட்டார், டீக்குக் காசு கொடுக்கத் தீர்த்தகிரியை விடாமல்.

ஸ்டாண்டில் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். பேட்டரி தூங்குகிறது என்றார் ஒருவர். டீசலில் மண்ணெண்ணெய் கலக்கச் சொன்னார் இன்னொருவர். இன்ஜின் தலையில் வெந்நீர் ஊற்று என்றார்கள். அடியில் கரித்தட்டு வை என்றார்கள். சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தால் எல்லாம் சரியாகும் என்று நஞ்சம்மா சொன்னாள். தீர்த்தகிரி யாருடைய மனசையும் நோகவிடுகிறவன் இல்லை. ஒரே காலையில் எல்லாவற்றையும் செய்தான். கார் கிளம்பிவிட்டது! எல்லோரும் தங்கள் வைத்தியம்தான் பலித்தது என்று ஒருவரையொருவர் கையைக் குலுக்கிக்கொண்டார்கள். மறுநாள் எலுமிச்சம்பழத்தை மட்டும் வைத்தான். கார் பழத்தின் மேலேயே நின்றது.

"எல்லாத்தையும் ஒண்ணா பண்ணா எது வேல செஞ்சிச்சின்னு எப்பிடித் தெரியும்?" என்றாள் முனிலட்சுமி. "ஒண்ணொண்ணா பாக்கணும். எங்க கம்பெனியில இப்பிடிப் பண்ணா வெளிய அனுப்பிருவாங்க."

"நீயே சொல்லு, என்னா பாக்கலாம்?"

"கேட்டாண்ட போனதும் ஆஃப் பண்ணுங்க. திரும்பப் போடுங்க."

கம்பெனி கேட்டில் நிறுத்தி, அணைத்து, மறுபடி சாவியைத் திருப்பினான். ஒரே திருப்பில் வந்தது. பல நாளாக அது அப்படித்தான் வருகிறது. அவன் அதை யோசித்ததே இல்லை.

"அப்ப இன்ஜினுக்கு நோவு இல்ல. சூடு இருந்தா வருது, இல்லாட்டி வரல" என்றாள். "கெளம்பறதுக்கு மொதல்ல அதுக்குச் சூடு எங்கேர்ந்து வருது?"

ஹீட்டர் பிளக்கிலிருந்து என்று அவனுக்குத் தெரியும். டீசல் இன்ஜினில் உருளைக்கு ஒன்றாக நாலு இருக்கும். சுவிட்சைப் போட்டதும் உள்ளே கம்பி பழுத்து, டீசல் பற்ற ஒத்தாசை செய்யும். அவன் தினமும் சுவிட்சைப் பிடித்துக்கொண்டு மலைக்கோயில் சாமியின் பெயரைச் சொல்லிக் காத்திருக்கிறான். ஆனால் நாலும் பழுக்கிறதா என்று யாரும் பார்த்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை பானட்டைத் திறந்தார்கள். பேட்டரியிலிருந்து ஒரு ஒயர், நடுவில் சின்ன பல்பு, ஒயரின் மறுமுனையைப் பிளக்கின் தலையில் வைத்தால் நல்ல பிளக்குக்குப் பல்பு எரியும். முனிலட்சுமி பல்பைப் பிடித்தாள். முதல் பிளக்கில் எரிந்தது. இரண்டாவதில் இல்லை. மூன்றாவதிலும் இல்லை. நாலாவது எரிந்தது.

"பாதி குடும்பம் வேல செய்யுது, பாதி குடும்பம் தூங்குது" என்றாள் ராஜாத்தி. "எங்க வீடு மாதிரியே."

பெங்களூரில் புதுப் பிளக்குகள் வாங்கிப் போட்டார்கள். அடுத்த காலை, யாரும் தொடாமல், கார் கிளம்பியது. தள்ளு கோஷ்டி கை தட்டியது. தீர்த்தகிரி ஹாரனை விடாமல் அடித்தான். அவன் கையை எடுப்பதற்குள் இன்ஜின் குலுங்கி, வெள்ளையாகப் புகைந்து, நின்றுவிட்டது. மறுபடி போட்டான், வந்தது, ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்ததும் நின்றது. மத்திகிரி வரை ஓடினாலும் சூட்டு முள் அடியிலேயே படுத்துக் கிடந்தது. எல்லோரும் டீசல் வண்டி என்றால் இப்படித்தான் என்று ஆறுதல் சொன்னார்கள்.

அவளுக்கு அந்த ஆறுதல் பிடிக்கவில்லை. கிளம்பாததும் சூடாகாததும் ஒரே வியாதி என்று இத்தனை நாள் நினைத்திருந்தார்கள். பிளக்கை மாற்றியதும்தான் அது இரண்டு வியாதி என்று தெரிந்தது. முதலாவது போன பிறகு இரண்டாவது முகத்தைக் காட்டுகிறது.

"நல்ல பீஸ் ஒண்ணு வேணும்" என்றாள்.

ஸ்டாண்டில் இதே மாதிரி டீசல் கார் ஒன்று இருந்தது, பெங்களூரில் புதிதாகவே வாங்கி, எந்த மெக்கானிக்கின் கையும் படாதது. அதன் டிரைவரிடம் சொல்லி இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி ஒரே நேரத்தில் ஓடவிட்டார்கள். முனிலட்சுமி இந்தக் காரின் மேல் ஹோஸில் ஒரு கை, அந்தக் காரின் மேல் ஹோஸில் ஒரு கை. இன்ஜினிலிருந்து ரேடியேட்டருக்கு வெந்நீர் போகும் ரப்பர்க் குழாய் அது. இரண்டு மாட்டை ஒன்றாகப் பிடித்துக்கொண்டிருப்பது போல நின்றாள். தீர்த்தகிரியின் காரில் ஹோஸ் ஆரம்பத்திலிருந்தே மெல்ல மெல்ல வெதுவெதுப்பானது, அதோடு நின்றது. மற்றதில் ஹோஸ் வெகுநேரம் ஐஸாக இருந்தது. பிறகு திடீரென்று, யாரோ கதவைத் திறந்துவிட்ட மாதிரி, சூடு பாய்ந்தது. "ஐயோ!" என்று கையை எடுத்துக்கொண்டாள்.

"அந்த வண்டி, இன்ஜின் காயற வரைக்கும் தண்ணிய உள்ளயே அடச்சு வெச்சுக்குது. நம்ம வண்டி காயறதுக்கு முன்னாடியே ஆத்துது" என்றாள். "ஒல வெச்ச கையோட விசிற ஒக்காந்துக்கற மாதிரி. எப்ப வேகும்?"

'நம்ம வண்டி' என்று அவள் சொன்னதைத் தீர்த்தகிரி கவனித்தான். ராஜாத்தியும் கவனித்தாள், அவள் கவனித்தால் ஊருக்கே தெரியும்.

அந்தக் கதவு எங்கே போனது என்று கேட்கக் கிருஷ்ணகிரிக்குப் போனார்கள். காருக்குக் காலமெல்லாம் வேலை பார்த்தவர் அங்கேதான் இருந்தார், மெக்கானிக் ஆஞ்சப்பன். துணைக்கு ராஜாத்தி. மேட்டை விட்டு இறங்க இறங்க வெயில் ஏறியது, மஃப்ளர் கழன்றது. ஷெட்டில் ஆஞ்சப்பன் ஒரு லாரிக்கு அடியில் படுத்திருந்தார். விஷயத்தைக் கேட்டு வெளியே உருண்டு வந்து, எழுந்து, சுவரைக் காட்டினார். ஆணியில் ஒரு கம்பி வளையம் தொங்கியது. அதில் பித்தளையில் சின்னச் சின்ன மூடிகள் போல ஏதோ கோத்திருந்தது, பெரிய மாலையாக.

"தெர்மாஸ்டாட் வால்வு" என்றார். "எங்கிட்ட வர்ற வண்டிலேர்ந்தெல்லாம் மொதல்ல இதத்தான் கழட்டிப் போடுவேன். ஒன்னுதும் இதுல எங்கியோ கீது."

"ஏண்ணே கழட்டுனீங்க?" என்றான் தீர்த்தகிரி.

"ஏன்னா? பாரூர்லேர்ந்து கல்யாண வண்டி சித்திரையில சூளகிரி மேடு ஏறும். பழைய வால்வு, தெறக்காம முட்டிக்கும். தண்ணி கொதிச்சு, மாப்பிள்ள நடந்து வருவான். எத்தன மாப்பிள்ளய நான் நடக்காம காப்பாத்தியிருக்கேன் தெரியுமா? இந்தப் பக்கத்துல ஒரு வண்டி கொதிச்சதில்ல."

அவர் சொன்னது சரிதான். கீழே வெயிலில் ஓடும் காருக்கு அந்த வால்வு இல்லாவிட்டால் ஒன்றும் தெரியாது. கிருஷ்ணகிரியில் அதைக் கழற்றுவது, புது வீட்டில் பூசணிக்காய் கட்டுவது மாதிரி, யாரும் ஏன் என்று கேட்காத வழக்கம். காரோடு அந்த வழக்கமும் மேலே ஏறி ஓசூருக்கு வரும் என்று யாரும் நினைக்கவில்லை.

"இந்த மாப்பிள்ளய நீங்க நடக்க வெச்சுட்டீங்களே, ஆஞ்சப்பண்ணே" என்றாள் முனிலட்சுமி.

அவர் அவளையும் காரையும் மாறி மாறிப் பார்த்தார். விஷயம் புரிந்ததும் விழுந்து விழுந்து சிரித்தார். கையைத் துடைத்துக்கொண்டு மாலையை எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டார். "ஏறு, நானே மேல வர்றேன். எல்லாமே பழசு, இதுல எதுக்கு உசிரு கீதுன்னு கொதிக்க வெச்சுத்தான் பாக்கணும்."

சாயங்காலம் நஞ்சம்மாவின் டீக்கடையில் கூட்டம் கூடிவிட்டது. ஷிப்டு முடிந்த பெண்கள் மொத்தமும் அங்கேதான்.

"பால் சட்டியில டீசல் சாமான் வேகுமா? நான் கடை நடத்தணும்" என்றாள் நஞ்சம்மா.

"முட்டை வேக வெக்கிற சட்டியக் குடுங்கக்கா" என்று ராஜாத்தி கெஞ்சி வாங்கினாள்.

பச்சைத் தண்ணீரில் ஒவ்வொரு வால்வாக நூலில் கட்டித் தொங்கவிட்டார்கள். சில வால்வுகள் குளிர்ந்த தண்ணீரிலேயே வாயைப் பிளந்துகொண்டிருந்தன. அவை அப்போதே தள்ளுபடி. சில, தண்ணீர் தளதளவென்று கொதித்த பிறகும் அசையவில்லை. அவை மேட்டில் மாப்பிள்ளையை நடக்க வைக்கிற ஜாதி. வேண்டியது நடுவில் உள்ளது. கொதி வருவதற்குச் சற்று முன்னால், அடியிலிருந்து பொடிக் குமிழி கிளம்பும் நேரத்தில் திறக்க வேண்டும் என்றார் ஆஞ்சப்பன். குமிழியைப் பார்ப்பது முனிலட்சுமிக்குத் தினப்படி வேலை. அவள் சட்டியின் மேல் குனிந்து நின்றாள், மூக்கில் ஆவி படர.

"இதுதான் தெறக்கும்" என்று ஒரு பக்கம் பந்தயம் கட்டினார்கள். தோற்றவர் எல்லோருக்கும் வடை வாங்க வேண்டும். "இல்ல, செத்த பொணம் அது" என்றது இன்னொரு பக்கம். பல வால்வுகள் ஏமாற்றின. வடைத் தட்டு காலியாகிக்கொண்டே வந்தது. கடைசியில் பச்சை ஏறிய ஒன்றை விட்டார்கள். தண்ணீர் முனகியது. அடியில் குமிழி ஒன்று, அப்புறம் ஒரு கொத்து.

"பொறு... பொறு..." என்றாள் முனிலட்சுமி.

பித்தளைத் தட்டு ஒரு மயிரிழை விலகியது. பிறகு கொட்டாவி விடுவது போல மெதுவாக, முழுசாக, வாயைத் திறந்தது.

"தெறந்துச்சு! தெறந்துச்சுடி!" என்று கடையே கத்தியது. ஆஞ்சப்பன் அதைத் தூக்கி ஆற வைத்தார்; மூடிக்கொண்டது. மறுபடி முக்கினார், மறுபடி கொட்டாவி. நஞ்சம்மா கடையை மறந்து, "எங்க, எனக்குக் காட்டு, எனக்குக் காட்டு" என்று பெண்களை விலக்கிக்கொண்டு வந்தாள். அடுத்த காலை வால்வை மாட்டினார்கள். கார் கிளம்பியது, குலுங்கவில்லை, நஞ்சம்மா ஒரு டீ ஆற்றி முடிப்பதற்குள் சூட்டு முள் எழுந்து நடுவில் வந்து நின்றது.

தை பிறந்தது. முதல் நாள் பொழுதோடு எல்லோரும் முனிலட்சுமியின் ஊருக்குப் போய்ச் சேர்ந்தார்கள். சிங்காரப்பேட்டைப் பெரியவர்கள், ஆஞ்சப்பன், ராஜாத்தியும் தள்ளு கோஷ்டியும். காரை ராகி அடித்த களத்தின் நடுவில் நிறுத்தினார்கள். வெங்கடசாமி வந்து அதைச் சுற்றி ஒரு நடை நடந்தார். பக்கத்தில் கரித்தட்டு ஏதும் இல்லை, சாய்மானம் ஏதும் இல்லை என்று பார்த்துக்கொண்டார்.

விடிந்தபோது கார் முழுக்கப் பனி வழிந்தது. ஊரே போர்வையோடு களத்தைச் சுற்றி நின்றது. முனிலட்சுமி புதுப் புடவையில் வாசலில் நின்றாள். அவள் முகத்தைப் பார்க்க ராஜாத்திக்கே தைரியம் வரவில்லையாம். வால்வு பழசு. பேட்டரி பழசு. இந்த ஊர்க் குளிர் ஓசூரைவிட ஒரு பிடி அதிகம். தொட்டியில் எத்தனை பீஸ் பார்த்திருந்தாலும் இப்படி ஒன்றுக்கு அவள் பயந்ததில்லை.

தீர்த்தகிரி உட்கார்ந்தான். ஹீட்டர் சுவிட்சைப் பிடித்தான். பேசாமல் இருந்தான், அதுவே பெரிய அதிசயம். பிறகு சாவியைத் திருப்பினான்.

ஒரே திருப்பு. இன்ஜின் பிடித்துக்கொண்டது. புகை கொஞ்சம் வந்தது, நீலமாக மெலிந்தது, காணாமல் போனது. சத்தம் சீராக நின்றது. களத்தில் ஓ என்ற கூச்சல்.

வெங்கடசாமி கையைத் தூக்கினார். எல்லோரும் அடங்கினார்கள்.

"நிறுத்து. இன்னொருதரம்."

நிறுத்தினான், போட்டான், வந்தது. வெங்கடசாமியின் முகத்தில் ஏதோ மலர ஆரம்பித்தது. "ஏய், எங்க தம்பியக் கூப்புடு, அவன் பாக்கல" என்றார். தம்பி வந்தார். நிறுத்து, போடு. வந்தது. "நோடப்பா, ஒரு கை படல!" என்று தம்பியிடம் சொன்னார். பிறகு தம்பி மனைவிக்கு. பிறகு வயலுக்குப் போய்க்கொண்டிருந்த கூலியாட்கள் இரண்டு பேர், அவர்களையும் நிறுத்திக் காட்டினார். கடைசியில் தீர்த்தகிரியை நகரச் சொல்லிவிட்டு அவரே உட்கார்ந்தார். சுவிட்சை ஆசை தீரப் பிடித்துக்கொண்டார்.

"அப்பா, போதும்ப்பா, பேட்டரி எறங்கிரும்" என்றாள் முனிலட்சுமி.

"இரும்மா, ஒரே ஒருதரம். கவுண்டர் வூட்டுலேர்ந்து வர்றாங்க."

அவர் சாவியைத் திருப்பினார். செல்ஃப் ஒரு முனகல் முனகியது. இன்னொரு முனகல். பிறகு 'டக்' என்றது. அதோடு சரி.

சிங்காரப்பேட்டைப் பெரியவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வெங்கடசாமி இன்னும் இரண்டு தரம் திருப்பிப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கதவைத் திறந்து இறங்கினார். துண்டை உதறித் தலையில் கட்டிக்கொண்டார். வேட்டியை மடித்துக் கட்டினார். காரின் பின்னால் போய், பனி வழியும் டிக்கியின் மேல் இரண்டு உள்ளங்கைகளையும் வைத்தார்.

"என்னா பாத்துக்கிட்டு நிக்கறீங்க?" என்றார். "நீ போயி ஒக்காரு. தள்ளறவங்க வாங்க."

தள்ளு கோஷ்டிக்கு இரண்டாவது தரம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. "மாமா, அப்பிடி நிமுந்து தள்ளுனா வராது, குனியணும்" என்று ராஜாத்தி பாடம் எடுத்தாள். "ஒரே மூச்சு! ஏ... தள்ளு!" களம் முழுக்கத் தள்ளினார்கள். களத்தின் ஓரத்தில் இன்ஜின் பிடித்துக்கொண்டது. வெங்கடசாமி மூச்சிரைக்க நிமிர்ந்தார். உள்ளங்கைகளைப் பார்த்தார். எல்லோரும் அந்தக் கைகளைத்தான் பார்த்தார்கள். ஒரே ஒரு கை பட்டாலும் என்று சொன்னவர், இப்போது இரண்டையும் வைத்துவிட்டார்.

"அப்பா..." என்றாள் முனிலட்சுமி.

"என்னாம்மா? சுவிட்சத் தொட்டதும் வந்துச்சா இல்லியா? ஊரே பாத்துச்சு. அப்பறம் பேட்டரிய சாவடிச்சது நானு." கைகளை வேட்டியில் துடைத்துக்கொண்டார். "மாப்பிள்ள வண்டிய மாமனாரு தள்ளுனா என்னா கொறஞ்சுபோச்சு? தட்ட எடுத்தாங்க."

மாப்பிள்ளை என்று அவர் சொன்னது அதுதான் முதல் தரம். காருக்குள் இருந்த தீர்த்தகிரிக்கு அது கேட்டுவிட்டது. என்ன செய்வதென்று தெரியாமல் கியரைப் போட்டான். கார் களத்தைத் தாண்டி, ஊரைத் தாண்டி, ஏரிக்கரைப் பக்கம் பறந்துவிட்டது. தட்டு வந்தது, வெற்றிலை பாக்கு வந்தது, மாப்பிள்ளை இல்லை.

"என்னாம்மா, ஓடிட்டானா?" என்றார் வெங்கடசாமி.

"பேட்டரி ஏறணும்ப்பா. ஒரு சுத்து சுத்திட்டு வந்துருவாரு."

"நிக்காம வருமா?"

"இப்ப நிக்காதுப்பா."

அவர் தாம்பூலத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு களத்து மேட்டில் உட்கார்ந்தார். ராஜாத்தி ஏதோ சொல்ல, பெண்கள் சிரித்துக்கொண்டிருந்தார்கள். வெங்கடசாமிக்குச் சிரிப்பு இல்லை. காதை ஏரிப் பக்கம் வைத்திருந்தார். தூரத்தில் இன்ஜின் சத்தம் ஊரை நோக்கித் திரும்பியதும், எல்லோருக்கும் முன்னால் தட்டோடு எழுந்து நின்றவர் அவர்தான்.